மைக் ஒருவர் கையில், பியூஸ் இன்னொருவர் சட்டைப்பையில்

ஜீப்பில் வயர்லெஸ் ஆன்டெனாவை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் "கூரை நடுவில்" என்கிறீர்கள். நல்லது, பரீட்சையில் பாஸ். அந்த ஜீப்பை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். போன வாரம் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு என்னை வரவழைத்து, சால்வை போர்த்தி, "மேடம், உங்க அனுபவத்துல இருந்து ரெண்டு வார்த்தை" என்றபோது நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பதிலுக்குக் கூரையில் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள நாலு பேர் வந்தீர்கள்.

அதனால் எழுதித் தருகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம். பெட்டியோடு வரும் எச்சரிக்கைத் தாளைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறவர்கள் இதை மட்டும் படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

தொண்ணூறுகளில் மைசூரில், பன்னிமண்டபம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். வயர்லெஸ் செட் விற்பது, வண்டியில் பொருத்திக் கொடுப்பது, கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பது. பொருத்துகிற வேலை என்னுடையது. புடவையைச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை ஜீப் கூரையில் ஏறி ஓட்டை போடுவதைப் பார்க்க எதிர் டீக்கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும். டீக்கடைக்காரர் என்னால் பிழைத்தார்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் பெங்களூரில் இருந்தார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். காது மந்தம், அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார். "இது பேசற பெட்டின்னு நெனச்சியாம்மா? இது கத்தற பெட்டி! நாலு திசையிலயும் கத்தும். யார் காதுல விழணும்னு நீ நெனக்கறியோ அவன் காதுல மட்டும் விழாது. எங்க ஒரு நீள வயர் கிடக்கோ அதுக்கெல்லாம் கேக்கும். வயருக்குக் கேட்டா என்ன ஆகும்னு முதல்ல யோசி!" என்பார். அவர் சொன்னதில் பாதியை நான் மறந்துவிட்டேன். இது மட்டும் காதிலேயே நிற்கிறது, அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

ஹனூர் தாண்டி மலையடிவாரத்தில் கிரானைட் குவாரி வைத்திருந்த ஒரு முதலாளி எங்களிடம் வந்தார். புது ஜீப், தகரக் கூரை போட்டது. குவாரியில் போன் கிடையாது, செல்போன் என்ற பேச்சே அந்தப் பக்கம் இல்லாத காலம். ஹனூரில் இருந்த தன் ஆபீசோடு ஜீப்பிலிருந்தே பேச வேண்டும் என்றார். லாரி வழியில் நின்றாலும், ஆளுக்கு அடிபட்டாலும் சொல்லியனுப்ப ஒரு வழி வேண்டாமா? தேவை நியாயமானதுதான். தேவையோடு நின்றிருந்தால் நானும் இதை எழுத வேண்டியிருக்காது.

கூரை நடுவில் ஓட்டை போட வேண்டும் என்றேன். முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன்ரீ மேடம், புது வண்டி! தலையில ஓட்டை போட்டா லட்சுமி நிப்பாளா? முன்னாடி பம்பர்ல வையுங்க. நல்லா நீட்டமா, கொடி மாதிரி. பக்கத்து குவாரிக்காரன் தூரத்துலயே பாக்கணும்."

லட்சுமிக்கு ஜீப் கூரையில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எங்கள் மேனேஜர் பக்கத்தில் நின்றார். வெயிலில் வெந்தாலும் டையை அவிழ்க்காத மனிதர், வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் தலையாட்டும் கொலுப் பொம்மை. "பம்பர்லயே வச்சிடலாம் சார், அதுதான் லேட்டஸ்ட் ஸ்டைல்" என்றார். பம்பரில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகப் பேசும், ஒரு பக்கம் மக்கர் பண்ணும். ஸ்டைலாவது, மண்ணாங்கட்டியாவது. ஆனாலும் வைத்தேன், வண்டி அவருடையது. எது அழகு என்பதில் வாடிக்கையாளரோடு சண்டை போடாதீர்கள். எது ஆபத்து என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. "குவாரியில கரண்ட் வெடி வைக்கிறாங்களா?" என்று மேனேஜரிடம் கேட்டேன். உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து, அதற்குள் ஒரு சின்னக் குப்பியை இறக்குவார்கள். அதைக் கேப்பு என்பார்கள். கேப்பிலிருந்து மெல்லிய இரண்டு வயர் வெளியே வரும். தூரத்தில் நின்று அந்த வயரில் கொஞ்சம் மின்சாரம் விட்டால் வெடி. அந்தக் கொஞ்சம் மின்சாரம் வெடிக்காரரின் பெட்டியிலிருந்து வந்ததா, பக்கத்து ஜீப்பின் ஆன்டெனா கத்திய கத்தலில் வயரில் தானாக ஊறியதா என்று கேப்பு விசாரித்துப் பார்ப்பதில்லை. வெடிக்கும், அவ்வளவுதான்.

"வெடி வைக்கிற எடத்துப் பக்கம் இந்த செட்டைப் போடவே கூடாது. அவருகிட்ட தெளிவாச் சொல்லணும்" என்றேன்.

"நான் சொல்லிக்கறேன் மேடம். நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றார் மேனேஜர். சொல்லவில்லை. சொன்னால் முதலாளி வாங்காமல் போய்விடுவாரோ என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவர் அதை டை கட்டிக்கொண்டு செய்தார்.

ஆயுத பூஜையன்று குவாரியில் வயர்லெஸ்ஸைத் தொடங்கிவைக்க வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று முதலாளியின் அழைப்பு. மைசூர் முழுக்க தசரா. ஊரே லீவு. நான் வழக்கம்போல முந்தின நாளே என் டூல்ஸை எல்லாம் துடைத்து, குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கியிருந்தேன். அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது, ஆயுதங்களுக்கு அது ஓய்வு நாள். "சாமான் எதுக்கு மேடம்? பட்டுப் புடவை கட்டிட்டு சும்மா வந்து நின்னா போதும், போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்று மேனேஜர் வேறு சொல்லியிருந்தார். அந்தச் சொல்லுக்காகவே கட்டிங் பிளேயரையும் நாலு சில்லறைச் சாமானையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பூஜையில் வைத்ததை எடுக்காதே என்று அம்மா சத்தம் போட்டார். பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன், அம்மாவுக்காக.

குவாரிக்குப் போய் இறங்கியதும் ஜீப் நின்ற இடத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

வெட்டிய பாறைச் சுவருக்கு முன்னால் கம்ப்ரசர், கிரேன், டிப்பர் எல்லாவற்றையும் மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுநாயகமாகப் புது ஜீப். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பானெட் மேல் தாம்பாளம், தேங்காய், குங்குமம் தடவிய பூசணிக்காய். வண்டி மூக்கு பாறையைப் பார்த்து நின்றது. பம்பரில் இருந்த நீள ஆன்டெனாவில் உச்சிவரை சாமந்தி சுற்றியிருந்தார்கள். அதன் அடியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், பாறைத் துளைக்கு முன்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து இரண்டு வயரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்தக் குவாரியில் ஆயுத பூஜைக்குப் பட்டாசு கிடையாது. கல்லை உடைத்துப் பிழைக்கிறவர்கள் கல்லுக்கே பூஜை போட்டு, தேங்காய் உடைத்த கையோடு ஒரு வெடி வைப்பார்கள். சாமி வெடி என்று பேர். தலைமுறை வழக்கம் எல்லாம் இல்லை, முதலாளி ஆரம்பித்து வைத்ததுதான். வழக்கமாக ஆளும் வண்டியும் தூரப் போன பிறகு வெடிக்காரர் வெடிப்பார். அந்த வருஷம் எங்கள் மேனேஜர் அதற்கு மெருகு ஏற்றியிருந்தார். முதலாளி ஜீப்பில் உட்கார்ந்து ஹனூர் ஆபீசுக்கு முதல் வார்த்தை பேசுவார், போட்டோ, பிறகு வண்டியைத் தள்ளிவிட்டு வெடி. நல்ல நேரம் குறைவாக இருந்ததால் வெடிக்காரர் அதற்குள் வயரைத் தயார் பண்ணிவிடட்டும் என்று யாரோ சொல்ல, அவரும் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்.

வெடிக்காரர் பேர் சவரிமுத்து. அந்தப் பக்கத்து மார்டள்ளி ஊர்க்காரர், தமிழ் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, நீங்கதான் ரேடியோ மாட்டுனவீங்களா?" என்று சிரித்தார். கை வயரிலேயே இருந்தது.

முதலாளி ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கைக் கையில் எடுத்தார். போட்டோக்காரர் "கொஞ்சம் இந்தப் பக்கம் சார்" என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தெரியும். "சார், வேண்டாம்!" என்று கத்தியிருப்பீர்கள். மைக் பிடித்த கை பதறினால் முதலில் மடங்குவது கட்டைவிரல். பேசுகிற பொத்தான் அந்தக் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது. பாய்ந்து மைக்கைப் பிடுங்கியிருந்தாலும் அதே கதை, பிடுங்கினால் இறுக்கிப் பிடிப்பதுதான் மனிதக் கை. சவரிமுத்துவை ஓடச் சொல்லலாமா? "ஏனுங்க?" என்று அவர் கேட்டு, நான் விளக்கி, அவர் எழுந்து முடிப்பதற்குள் போட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். பேட்டரி பக்கத்தில் நான் போட்ட பியூஸ் இருந்தது. அதைப் பிடுங்கினால் செட் அணைந்துவிடும், ஆனால் பானெட்டைத் தூக்க வேண்டும், மேலே பூஜைச் சாமான்கள்.

கத்தவில்லை. சிரித்த முகத்தோடு, ஏதோ சரிபார்க்கப் போகிறவள் மாதிரி டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். அந்த வண்டிக்குள் படுத்துக்கொண்டு வயர் இழுத்தவள் நான், எந்த வயர் எங்கே வருகிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். குனிந்தேன். பெடலுக்கு மேலே செட்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் சிவப்பு வயர். குங்குமப் பொட்டு வைத்த கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு.

செட்டில் விளக்கு அணைந்தது. நான் நிமிர்வதற்குள் முதலாளி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். "ஹலோ... ஹலோ..." அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். ஜீப்பின் மூக்குக்கு நேரே சவரிமுத்து வயரை முறுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மாடிபிட்ரி மேடம், என்ன பண்ணிட்டீங்க? வெட்டிட்டீங்களா! நல்ல நேரத்துல, ஆயுதம் தொடக் கூடாத நாள்ல, சாமி முன்னாடி! அபசகுனம் அல்லவா இது!" முதலாளியின் முகம் தாம்பாளத்துக் குங்குமம் போல ஆகிவிட்டது.

காரணத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி, கேப்பு, வயர், ஆன்டெனா என்று ஒவ்வொன்றையும் கைகாட்டிச் சொன்னேன். மைசூரிலேயே மேனேஜரிடம் சொன்னதையும் சொன்னேன்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டார். "என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல சார். மேடம் கொஞ்சம் ஓவரா பயப்படுவாங்க." பிறகு, தலை தப்பிய தெம்பில், ஒரு யோசனையும் சொன்னார். "ஒண்ணு பண்ணலாம் சார். ஒரே ஒரு கேப்பைத் தள்ளி மண்ணுல புதைச்சு வச்சிட்டு, எல்லாரும் தூரப் போயி, மைக்கை அழுத்திப் பாப்போம். வெடிச்சா மேடம் சொன்னது நெசம். வெடிக்கலேன்னா கதை."

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது பாருங்கள். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

"முடியாது" என்றேன்.

"பாத்தீங்களா சார்? பயந்துட்டாங்க."

ஆமாம், பயந்தேன். வெடிக்கும் என்று அல்ல, வெடிக்காமல் போய்விடுமோ என்று. வயர் கிடக்கிற கோணம், நீளம், மண்ணின் ஈரம் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் அது வெடிக்கும். இன்றைக்குச் சேராமல் போகலாம். ஒருமுறை வெடிக்காவிட்டால் அதுவே முதலாளிக்குச் சான்றிதழ், பிறகு வருஷம் முழுக்க ஜீப்பை அங்கேயே நிறுத்தி அரட்டை அடிப்பார். என்றைக்கோ ஒரு நாள் எல்லாம் சேரும், அன்றைக்கு நான் மைசூரில் இருப்பேன். நிரூபிக்கச் சொல்லி உங்களையும் சீண்டுவார்கள். ஆபத்தை வேடிக்கை காட்டி நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். உங்களை நம்பாதவன் முன்னால் மூக்கறுபட்டாலும் பரவாயில்லை.

எனக்கு மூக்கறுந்துதான் போனது. ஆட்கள் சிரித்தார்கள். சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. வயர் முனை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மிணி, நெசந்தானுங்களா?"

"நெசம்."

"எப்பவுமே வெடிச்சுப்போடுமுங்களா?"

"எப்பவும் இல்ல. எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியாது."

"அப்படீன்னா அது போதுமுங்க" என்றார். "எப்ப வெடிக்கும்னு தெரியாத எடத்துல நான் குக்கி உக்காரமாட்டனுங்க. இத எப்படிங்க ஊமையாக்கறது?"

கைப்பையில் ஒரு பியூஸ் ஹோல்டர் இருந்தது. வெட்டிய வயரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் அதை வைத்து இணைத்தேன். மைக்கைச் செட்டிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு பியூஸை அதில் போட்டுக் காட்டினேன், செட்டில் விளக்கு எரிந்தது. எடுத்துக் காட்டினேன், அணைந்தது. பானெட்டைத் திறக்க வேண்டாம், கையாலேயே கழற்றலாம். சவரிமுத்து கையை நீட்டி அந்தப் பியூஸை வாங்கிப் பார்த்தார். புதுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வெடி வேலைன்னா இது எங்கிட்ட இருக்கட்டுமுங்க. முடிஞ்சாத் தாறேன்."

முதலாளிக்கு அபசகுனம் மறந்துபோயிற்று. "என் ஜீப்பு, என் ரேடியோ! அதைப் பேச விடறதும் விடாததும் உன் பாக்கெட்டுல இருக்கணுமா? ஜீப்பைத் தள்ளி நிறுத்தறேன், போதும் அல்லவா?"

"இன்னைக்குத் தள்ளி நிறுத்துவீங்க. நாளைக்கு மழை பேஞ்சாக் கிட்டத்துல கொண்டாந்து நிறுத்துவீங்க." சவரிமுத்து குரலை உயர்த்தவே இல்லை. "கல்லு உங்களுதுங்க, ஜீப்பு உங்களுதுங்க, வெடியும் உங்களுதுங்க. குக்கறது நானுங்க. பியூஸ் வேணும்னா இந்தாங்க, வயரையும் சேத்துப் புடிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குவாரியில் வெடி வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாமி வெடி வெடிக்காமல் பூஜை முடியாது. பூசாரி வேறு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ராகுகாலம் வருதுங்க, ராகுகாலம் வருதுங்க" என்று முனகிக்கொண்டே இருந்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், சவரிமுத்துவின் சட்டைப்பையைப் பார்த்தார். "ஆயிதப்பா, சரி, வச்சுக்கோ" என்றார். புத்தி வந்து சம்மதித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ராகுகாலம் வந்து சம்மதித்தார். அதனால் என்ன? பாதுகாப்பு எந்த வழியில் வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், வந்த வழியைப் பார்த்து மூக்கைச் சுளிக்காதீர்கள்.

மைசூர் திரும்பியதும் மேனேஜர் என்னைப் பற்றி மேலே எழுதினார். வாடிக்கையாளரை அவமதித்தேனாம். ரிப்பேர் மேசைக்கு மாற்றினார்கள். நான் சொன்னதை "சொல்லல" என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன அந்த வாய் இன்றைக்கு எங்கேயோ தொழிலாளர் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுக்கிறது என்று கேள்வி. நல்ல சம்பளமாம். அவர் வகுப்புக்கு நீங்கள் போயிருந்தால், எதை எல்லாம் அவர் சொல்லவில்லை என்று என்னிடம் வந்து கேளுங்கள்.

அன்றைக்கு முடிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜீப்பைத் தூரத்துக்குக் கொண்டுபோனார்கள். தேங்காய் உடைந்தது, சாமி வெடி வெடித்தது, தூசி அடங்கியது. சவரிமுத்து பாறையருகே போய் ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு நிதானமாக நடந்து வந்தார். பையிலிருந்து பியூஸை எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி அதைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. போட்டோக்காரர் தயாரானார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை வாயருகே கொண்டுபோய், ஹனூர் ஆபீசில் காத்திருந்த தன் மனைவிக்கு அந்தக் குவாரியின் முதல் வயர்லெஸ் வார்த்தையைச் சொன்னார்.

"பாயசா ஆய்தா?"

பாயசம் ஆகிவிட்டதா என்று. இன்னும் ஆகவில்லை என்று பதில் வந்தது, கொரகொரப்பே இல்லாமல், அவ்வளவு தெளிவாக. சற்று முன்னால், சவரிமுத்து வயரோடு ஆன்டெனாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி பொத்தானை அழுத்திக் கேட்கப் பார்த்ததும் இதைத்தான்.